தலைக்கு டை அடிக்க ரெண்டு நாள் முந்தி வரச் சொன்னால் கோவிக்காதேங்கோ

நேற்றுப் பின்னேரம் ஒரு அக்கா கடைக்கு வந்தவ. விடிஞ்சால் கலியாண வீடு, கெதியா டை அடிச்சுவிடு பிள்ளை எண்டா. நான் முந்தி உங்களுக்கு அடிச்சதில்லை அக்கா, காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி, ஒத்துவருதோ எண்டு ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் அடிப்பன் எண்டு சொன்னன், அவவுக்கு நல்ல கோவம். இருவது வருசமா அடிக்கிறன் எனக்கு ஒண்டும் வந்ததில்லை, உனக்கு உழைக்க விருப்பமில்லையோ எண்டு கேட்டுப்போட்டு எழும்பிப் போட்டா. வேற எங்கயோ போய் அடிச்சிருப்பா. எனக்கு இரவு நித்திரை வரேல்லை, காசு போனதுக்காக இல்லை, உந்த "இருவது வருசமா ஒண்டும் வந்ததில்லை" எண்ட கதையை நான் ஒருக்கா நம்பினனான், அதுதான்.

கடை துவங்கின ரெண்டாம் வருசம் அது. மகளுக்குச் சாமத்திய வீடு எண்டு ஒரு அம்மா சனிக்கிழமை மத்தியானம் வந்தவ. தான் பாவிக்கிற அதே பக்கெற்றையே கொண்டு வந்தா, பதினைஞ்சு வருசமா இதுதான் பிள்ளை எண்டா, நானும் சரியெண்டு அடிச்சு அனுப்பிட்டன். ஞாயிற்றுக்கிழமை விடியக் கோல் வந்துது. ஓடிப்போய்ப் பாத்தால் நெத்தி, கண் இமை எல்லாம் வீங்கி ரெண்டு கண்ணும் திறக்க ஏலாமல் கிடக்கு, காது மடல் பொக்களிச்சு நீர் வடியுது, தலையைத் துவாயால மூடிக்கொண்டு அறைக்குள்ள இருக்கிறா. வெளியில மேளம் அடிக்குது. பிள்ளைக்குப் பால் அறுகு வைக்கத் தாய் வரேல்லை. அந்த அல்பத்தில தாய் நிக்கவேண்டிய இடத்தில எல்லாம் மாமிதான் நிக்கிறா. பிழை என்ர. அண்டையில இருந்து காதுக்குப் பின்னால பூசிப் பாக்காமல் புதுசா வாற ஒருத்தருக்கும் நான் டை தொடுறதில்லை.

ஏன் இப்பிடி வருது எண்டு அதுக்குப் பிறகுதான் தேடிப் படிச்சனான். கறுப்பு, கடும் பிரவுண் டையளில அநேகமா பரா-பினைலீன்-டையமீன் எண்ட சாமான், சுருக்கமா பி.பி.டி, இருக்கும், இல்லாட்டி அதுக்குச் சொந்தமான வேறொண்டு இருக்கும். பெரொக்சைட் எண்ட மற்ற மருந்தோட கலந்து மயிருக்குள்ள போய் அங்கதான் நிறமாகிறது, அதாலதான் தோய்ஞ்சாலும் போகாமல் நிக்குது. ஐரோப்பாவில கலந்த பிறகு தலையில படுற அளவு 2%க்கு மேல போகக்கூடாதெண்டு சட்டமே இருக்கு. இதில முக்கியமான விசயம், அலர்ஜி முதல் தரமே வரவேணும் எண்டில்லை. உடம்பு ஒவ்வொரு தரமும் அதைப் பாத்துப் பாத்து, ஒரு நாள் இது எனக்குச் சரிவராது எண்டு முடிவெடுக்குது, அது ஆறாம் தரமாவும் இருக்கலாம் அறுவதாம் தரமாவும் இருக்கலாம். ஒருக்கா வந்திட்டால் பேந்து அது போகாது, அடுத்த தரம் இன்னும் கெதியா, இன்னும் கடுமையா வரும். அப்ப இருவது வருசம் அடிச்சனான் எண்டது உங்களைக் காப்பாத்திற கதை இல்லை அக்கா.

இன்னொண்டு, திருவிழா வழிய, கலியாண வீட்டில, சின்னப் பிள்ளையளின்ர கையில கறுப்பு மருதோண்டி எண்டு கீறி விடுகினம் பாருங்கோ, தயவுசெய்து கீற விடாதேங்கோ. மருதோண்டி இலை ஒருநாளும் கறுப்பா சிவக்காது, செம்மஞ்சளும் சிவப்பும் மண்ணிறமும்தான் அதால ஏலும். அரை மணித்தியாலத்தில கன்னங்கரேல் எண்டு வந்தால் உள்ளுக்கு இருக்கிறது அநேகமா அதே பி.பி.டிதான், அதுவும் எவ்வளவு போட்டதெண்டு கணக்கே இல்லாமல். எட்டு வயசில கையில கொப்பளிச்ச பிள்ளைக்கு முப்பது வயசில தலைக்கு டை அடிக்க ஏலாமல் போயிடும்.

இதேதான் "இயற்கை கெனா, கறுப்பு" எண்டு விக்கிற பக்கெற்றுகளும், கெனா எண்டது மருதோண்டிதான். படத்தில இலை போட்டிருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில பி.பி.டி எண்டு போட்டிருக்கும். திருப்பி வாசியுங்கோ, கண் தெரியாட்டி போனில படம் எடுத்துப் பெருப்பிச்சு வாசியுங்கோ. அமோனியா இல்லை எண்டு போட்டிருந்தால் பயமில்லை எண்டு கனபேர் நினைக்கினம், அமோனியா மணக்கும், கண் எரியும், ஆனால் நான் சொல்லுற அலர்ஜிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. உண்மையா இலையாலதான் கறுப்பு வேணுமெண்டால் முதல் மருதோண்டி, கழுவிப்போட்டு அதுக்கு மேல அவுரித் தூள், நேரம் எடுக்கும், முதல்நாள் ஒரு மாதிரிப் பச்சையாத் தெரிஞ்சு அடுத்த நாள்தான் கறுக்கும். பொறுமை இருக்கிறவைக்கு நல்லது, அதையும் பூசிப் பாத்துட்டுத்தான் போடோணும்.

பூசிப் பாக்கிறது பெரிய வேலையே இல்லை. காதுக்குப் பின்னால இல்லாட்டி முழங்கை மடிப்பில ஒரு சின்னப் பொட்டளவு, 48 மணித்தியாலம். டையை எப்பிடிக் கலந்து பூசோணும், எவ்வளவு நேரம் விடோணும் எண்டு பெட்டிக்குள்ள இருக்கிற தாளில போட்டிருக்கும், ஒவ்வொரு கொம்பனிக்கும் வித்தியாசம், அந்தத் தாளை எறியாதேங்கோ. கடி, சிவப்பு, பொக்களம் ஒண்டு வந்தாலும் அந்த டை வேண்டாம், வேற பேரில இருக்கிறதும் வேண்டாம், தோல் டொக்டரிட்டைக் காட்டிக் கேளுங்கோ. அடிச்ச பிறகு எரிஞ்சால் நேரம் பாத்துக்கொண்டு இருக்காமல் உடன கழுவுங்கோ, முகம் வீங்கினால் ஆஸ்பத்திரி, மூச்சு எடுக்கக் கஸ்ரமெண்டால் ஒரு நிமிசமும் சுணங்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

இனி இளம் பிள்ளையளுக்கு. யூரியூப்பில பாத்துட்டுக் கறுப்பு டை அடிச்ச மயிருக்கு மேல பிரவுண் டை அடிச்சுப்போட்டு, அக்கா நிறமே மாறேல்லை எண்டு அழுதுகொண்டு வருகினம். டையால டையை வெளிறப்பண்ண ஏலாது தங்கச்சி. ப்ளீச் பண்ணித்தான் எடுக்கோணும், எங்கட கறுத்த மயிர் வெளிறேக்க முதல் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகுதான் மஞ்சள், இடையில நிப்பாட்டினால் செம்மஞ்சள்தான். அது பிழை இல்லை, உங்கட மயிருக்குள்ள இருக்கிற நிறமே அதுதான். செம்மஞ்சளை மடக்க நீலம் கலந்த ரோனர் எண்ட நிற மருந்து, மஞ்சளை மடக்க ஊதா, ஒரே நாளில எல்லாம் செய்யச் சொல்லிக் கரைச்சல் தராதேங்கோ. கெனா பக்கெற் போட்ட தலையெண்டால் என்னட்டை மறைக்காமல் சொல்லுங்கோ, சிலதில உலோக உப்புகள் இருக்கும், பெரொக்சைட் பட்டால் சூடாகும். நான் நாலு மயிரை வெட்டிக் கண்ணாடிக் கோப்பைக்குள்ள மருந்தோட போட்டுப் பாக்கிறனான், ஒருக்கா அது நுரைச்சு வந்து கோப்பை கையில சுட்டது. அந்தப் பிள்ளையின்ர தலையில போட்டிருந்தால்!

நரைக்கு அடிக்கிறவை ஒவ்வொரு தரமும் அடியில இருந்து நுனி மட்டும் இழுத்துப் பூசுறதை விடுங்கோ. மயிர் மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், அப்ப அறுவது சென்ரிமீற்றர் கூந்தலின்ர நுனிக்கு அஞ்சு வயசு, அது ஏற்கனவே எத்தினை டை குடிச்சிட்டுது. புதுசா வெளிக்கிட்ட வெள்ளைக்கு மட்டும் பூசினால் போதும்.

தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. அங்க இருக்கேக்க பஞ்சு மாதிரி இருந்த மயிர் இஞ்ச யாழ்ப்பாணம் வந்து ஒரு மாசத்தில தும்பாப் போச்சுதெண்டு கனடாவில இருந்து வாறவையும் கொழும்பால வாறவையும் என்னட்டைச் சொல்லுகினம், ஷாம்பூவைத்தான் மாத்தி மாத்திப் பாக்கினம். உங்கட வீட்டுக் கேத்தலின்ர அடியைப் பாருங்கோ, வெள்ளையாப் படை படையா ஒட்டியிருக்கு. நாங்கள் இருக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்கு மேல, கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட, அது சவுக்காரத்தோட சேர்ந்து மயிரில பிசின் மாதிரி ஒட்டுது, அதுக்கு மேல டை சமனாப் பிடிக்காது. எங்கட அம்மாமார் சீயாக்காயோட தேசிக்காயும் வெந்தயமும் அவிச்சு வைச்சுத்தான் முழுக வாத்தவை. தேசிக்காயின்ர புளி அந்தக் கல்சியத்தைக் கரைக்கும், வெந்தயம் வழுவழுப்பாக்கும், புத்தகம் படிக்காமலே எங்கட கிணத்துக்கு ஏத்த மருந்தை வைச்சிருந்தினம். இப்ப அவிக்க நேரமில்லாட்டி முழுகி முடிய ஒரு லீற்றர் மழைத்தண்ணி இல்லாட்டி பில்ரர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டுத் தலையில ஊத்துங்கோ, கிழமைக்கு ஒருக்காக் காணும். பிறகு நல்ல தண்ணியால அலசுங்கோ, தேசிப்புளி தோலில இருக்க வெயிலுக்குப் போனால் தோல் வெந்து கறுக்கும்.

மயிர் கொட்டுறதுக்கு எல்லாம் டையைக் குற்றஞ்சாட்டவும் வேண்டாம். ஒரு நாளைக்கு அம்பது நூறு மயிர் போறது வழமை. மாரியில டெங்கு வந்து படுத்தவைக்கு ரெண்டு மூண்டு மாசம் கழிச்சு, மாசி பங்குனியில கொத்துக் கொத்தாக் கொட்டும், பிள்ளை பெத்தவைக்கும் அப்பிடித்தான். அநேகமா ஆறு மாசத்தில திரும்பி வரும். வட்டமா ஒரு இடம் மட்டும் வெறுமையாப் போனால் எண்ணெய் வாங்கிக் காசைக் கரியாக்காமல் தோல் கிளினிக்குக்குப் போங்கோ.

நல்லூர்த் திருவிழா துவங்கினால் என்ர கடையில இருக்க இடமிருக்காது. தேருக்கு முதல்நாள் வந்து நிண்டுகொண்டு கெஞ்சாதேங்கோ, மூண்டு நாளைக்கு முந்தி சந்தைக்குப் போற வழியில ஒரு அஞ்சு நிமிசம் எட்டிப் பாருங்கோ, பூசிவிடுறதுக்கு நான் காசு எடுக்கிறதில்லை.

அந்தச் சாமத்திய வீட்டு அம்மா இப்பவும் என்னட்டைத்தான் வாறவ. முழு நரை, நுனி மட்டும் வெட்டிவிடுவன். போன மாசம் அந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவ, பிள்ளைக்குக் கலியாணம், கொஞ்சம் பிரவுண் அடிக்க ஆசைப்படுறாள் எண்டா. நான் டையை எடுக்க முதலே தாய் மகளின்ர மயிரை ஒதுக்கிக் காதை மடிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. புதன் பூசினனான், வெள்ளி பின்னேரம் வடிவாப் பாத்துட்டுத்தான் அடிச்சனான்.