அருவி வெட்டுக்கும் நீர்வீழ்ச்சிக்கும் சம்பந்தம் இல்ல

அண்ணே, நெல்லு அறுவடைக்கு நாங்க சொல்லுற அருவி வெட்டைப் பற்றி மேல நீங்க "நெல்லு அருவி மாதிரி கொட்டுறதாலதான் அருவி வெட்டு எண்டு பேர் வந்தது" எண்டு போட்டிருக்கிறீங்க, வடிவான கதைதான், ஆனா பிழை. இது அரிவி வெட்டு, வாய்ப்பேச்சில அருவி ஆயிட்டுது, அவ்வளவுதான். அடிச்சொல் அரி, அரிதல் எண்டா வெட்டுறது, அரிவாள் அதிலருந்து வந்ததுதான். திருகோணமலையில தம்பலகாமம் பக்கம் கையால நெல்லு வெட்டுற நேரம் போய்ப் பாருங்க, ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடிச்சு அடியில அரிஞ்சு உப்பட்டியா, அதாவது சின்னச் சின்னக் குவியலா, வச்சிட்டுப் போவாங்க, அந்த இடத்தில நெல்லு எங்க கொட்டுது? அது பிறகு சூடடிக்கேக்க, அதாவது கதிரிலருந்து நெல்லைப் பிரிக்கேக்கதானே கொட்டும், இப்ப மெஷின் வந்தபிறகு ரெண்டும் ஒண்டா நடக்குறதாலதான் இப்பிடிக் கதை வருது போல.

சொல்லும் புதுசில்ல. புறநானூறு, நற்றிணையில நெல் அறுக்கிற ஆக்கள "வெண்ணெல் அரிநர்" எண்டுதான் சொல்லியிருக்கு.

கீழ ஒரு தங்கச்சி "அப்ப செல்லரிக்கிறதும் இதுதானா" எண்டு கேட்டிருந்தா. ரெண்டையும் குழப்பக்கூடாது, கத்தியால வெட்டினா அரிஞ்சான், கறையான் திண்டா அரிச்சுது, வினை போற விதமே வேற. மாவை அரிக்கிறது, சொறி அரிக்கிறது எல்லாம் அந்த ரெண்டாவது பக்கம்.