கூலி யார் கொடுக்கிறார்கள்?

மென்பொருள் கம்பெனிகளைப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்லும் வேலையைத் தனி ஆளாக நான் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. "இதுக்குள்ள எப்படிங்ணா வர்றது?" என்று காலேஜ் முடித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

தரம் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதே இல்லை. ஈரோட்டில் மஞ்சளை உடைத்துப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். நூலில் சந்தேகம் என்றால் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவுக்கு அனுப்புவோம். 1956லிருந்து கோவையில் இருக்கிறது. கண்ணபுரம் சந்தையில் பல்லைப் பார்க்காமல் யாரும் காளையை ஓட்டிக்கொண்டு வருவதில்லை. அதே மனிதர்கள் ஒரு மென்பொருள் கம்பெனியில் பணம் போடும்போது மட்டும் முப்பது ஸ்லைடு பார்த்துவிட்டு, "நம்ம ஊருப் பையன்தானுங்களே" என்று செக் போட்டுவிடுகிறார்கள். ஒரு தலைமுறை உழைத்துச் சேர்த்த காசு அது. எனக்குப் பொறுக்கவில்லை.

போன வருடம் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கூப்பிட்டார். துணியில் இருக்கும் குறையைக் கேமராவில் கண்டுபிடிக்கும் ஏஐ கம்பெனி ஒன்றில் நாற்பது லட்சம் போட இருந்தார். டெமோ பிரமாதம். ஓட்டை வந்தால் உடனே திரையில் சிவப்புக் கட்டம். சரி என்று அவருடைய குடோனிலிருந்தே நான்கு ரோல் எடுத்துக்கொண்டேன். அங்கே இருபது வருடமாகத் துணி செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர், குறையின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் நாலு வரை புள்ளி போடும் நாலு பாயின்ட் முறையில் ரோலை ஓட்டிப் பார்த்து, எந்த மீட்டரில் என்ன குறை என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். குறை இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்று துணியில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. அப்புறம் அந்தக் கம்பெனியின் மெஷினில் ஓட்டினோம். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் சிக்கின. வெள்ளைத் துணியில் நீடில் லைன், அதாவது பின்னல் ஊசி கெட்டதால் நீளவாக்கில் விழும் கோடு, பாதிக்கு மேல் தப்பியது. கறுப்புத் துணியில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் கறுப்புத் துணியே இல்லையாம். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வாசல் வரை வந்து இதை மெதுவாகச் சொன்னார்.

வாடிக்கையாளர் பட்டியலில் பதினொரு பெயர் இருந்தது. ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். காசு கொடுத்து வாங்கியவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் இலவசமாக மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தவர்கள். ஹைதராபாத் மென்பொருள் கம்பெனியான சத்யத்தின் கதையும் இதுதானே? கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7இல் அதன் தலைவரே கடிதம் எழுதினார். அதுவரை தணிக்கையாளர் கையெழுத்தோடுதான் அந்தக் கணக்கு வெளிவந்துகொண்டிருந்தது.

அந்தப் பையன்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, கெட்டிக்காரர்கள். அதையும் அறிக்கையில் எழுதினேன். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, விலை முழு வேலைக்குக் கேட்கிறார்கள் என்றும் எழுதினேன். பத்து லட்சம் இப்போது, மீதி கறுப்புத் துணி ஓடிய பிறகு என்று பேசி முடித்தார்கள்.

படிப்பு, லைசென்ஸ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 247இன்படி பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம். மத்திய அரசின் திவால் வாரியம் (ஐபிபிஐ) நடத்தும் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். ஆனால் அது சொத்துக்கும் பங்குக்கும் விலை சொல்லும் தகுதி. மென்பொருளின் கோடு (code) நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா, சொன்ன வேலையை அந்தச் சாமான் செய்கிறதா என்று பார்ப்பதற்கு அப்படி ஒரு லைசென்ஸ் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால்தான் கூலி யாரிடம் வாங்குகிறோம் என்பதை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

இரண்டாவது வருடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கம்பெனியை விற்க இருந்தவரிடமே ஃபீஸ் வாங்கிக்கொண்டு மதிப்பீடு எழுதினேன். பொய் எழுதவில்லை. ஆனால் வருமானத்தில் முக்கால்வாசி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்ற விஷயத்தை முதல் பக்கத்திலிருந்து பதினாலாம் பக்கத்துக்குத் தள்ளினேன். வாங்கியவர் அந்தப் பக்கம் வரை படிக்கவில்லை. எட்டு மாதத்தில் அந்த வாடிக்கையாளர் விலகிவிட்டார். வாங்கியவர் பெருந்துறைப் பக்கம் இருந்த தோட்டத்தை விற்றுக் கடன் அடைத்தார். அவர் என்னைத் திட்டவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

2000ஐ ஒட்டி இணையக் கம்பெனிகளின் பங்கு எகிறிய டாட்காம் காலத்தில் அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. உள்ளுக்குள் மட்டம் என்று பேசிய பங்குகளை வெளியே வாங்கச் சொன்ன ஆய்வாளர்கள் இருந்தார்கள். அந்தக் கம்பெனிகளின் பங்கு வெளியீட்டு வேலை அவர்களுடைய வங்கிக்கு வேண்டியிருந்தது. 2003இல் பத்து பெரிய நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டி அந்த வழக்கை முடித்தன.

பணம் போடுகிறவர் யாரோ அவரிடம் மட்டும்தான் இப்போது ஃபீஸ் வாங்குகிறேன், அதுவும் முன்கூட்டியே. முடிவு 'போடுங்கள்' என்றாலும் 'வேண்டாம்' என்றாலும் ஒரே தொகை. கமிஷன் கிடையாது, பங்கும் வாங்குவதில்லை. இதனால் கைவிட்டுப் போன வேலைகள் உண்டு. முதல் வருடம் மொத்தமே ஐந்து வேலைதான் வந்தது. வருகிற பிள்ளைகள் ஒரு வருடச் சாப்பாட்டுக்குக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அந்தச் செக்கிங் அக்காவுக்கு என் ஃபீஸில் ஒரு பங்கு கொடுத்தேன். "நோட்டுல எழுதுனதுக்கு எதுக்கு தம்பி காசு?" என்றார். துணி சம்பந்தமாக எந்த வேலை வந்தாலும் இப்போது முதல் போன் அவருக்குத்தான்.