ஜட்ஜ் இல்லாத தியேட்டரில் யார் சிரிப்பது?

டிவியில் பத்து நிமிஷம் ஓடின காமெடியைப் பிடித்து இரண்டரை மணி நேரப் படமாக்குகிற புண்ணியவான்களே, உங்களிடம் நஷ்ட ஈடெல்லாம் கேட்கவில்லை. கொஞ்சம் காது கொடுத்தால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிப் போய் அப்படி ஒரு படம் பார்த்தோம். பேர் வேண்டாம், எந்தக் கோஷ்டி என்றும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கோஷ்டி டிவியில் வந்தால் என் மாமியார் சீரியலையே விட்டுவிட்டுப் பார்ப்பார். முன்பெல்லாம் அகஸ்தியா தியேட்டருக்கு நடந்தே போகலாம். படம் மொக்கை என்றால் இடைவேளையில் நடந்தே வீட்டுக்கும் வந்துவிடலாம். அதையும் 2020-இல் மூடிவிட்டார்கள். இப்போது ஆட்டோவுக்கு ஒரு காசு, டிக்கெட்டுக்கு ஒரு காசு, ஆன்லைனில் டிக்கெட் போட்ட பாவத்துக்குத் தனியாக ஒரு காசு. பாப்கார்ன் விலையைப் பற்றிப் பேசினால் எனக்கு பிபி ஏறும். "சிரிக்கத்தானே போறோம், போனாப் போவுது" என்றாள் வீட்டுக்காரி.

பொய் சொல்லக் கூடாது, முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. ஏனென்றால் அது ஏற்கெனவே டிவியில் வந்தது. அப்புறம் நம் ஆளுக்கு ஒரு காதல். காதலிக்கு ஒரு அப்பா. அப்பாவுக்கு ஒரு குடோன். குடோனுக்குள் பத்துத் தடியன்கள். அத்தனை பேரையும் நம் ஆள் பறக்கவிட்டு அடிக்கிறார். ஐயா, டிவியில் அடி வாங்கித்தானே அவர் சிரிக்க வைத்தார்? அவரே அடிக்க ஆரம்பித்தால் நாங்கள் எதைப் பார்த்துச் சிரிப்பது? நடுவில் பனி மலையில் ஒரு டூயட், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா. ஒரு ஆளுக்குப் போட்ட டீயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தெருவுக்கே கொடுத்த கதை.

டிவி காமெடி எப்படிப்பட்ட வீட்டுக்காக எழுதப்படுகிறது என்று இவர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் டிவி ஓடும்போது ஒருத்தர் மீன் அலசுவார், ஒருத்தர் ஃபோனை நோண்டுவார், குக்கர் விசில் அடிக்கும், லாரி ஹாரன் உள்ளே வரும். யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு ஜோக்கையும் கத்திச் சொல்ல வேண்டும், இரண்டு தடவை சொல்ல வேண்டும், முடிந்ததும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட வேண்டும். அப்புறம் ஜட்ஜ் நாற்காலியில் இருப்பவர் விழுந்து புரண்டு சிரிப்பார், கேமரா அவர் முகத்துக்குப் போகும். சரி, சிரிக்க வேண்டிய இடம் இதுதான் போலிருக்கிறது என்று நாமும் சிரித்து வைப்போம். தியேட்டரில் அந்த ஜட்ஜ் எங்கே? இருட்டில் உட்கார வைத்து, கண்ணெதிரே சுவர் அளவுக்கு முகத்தைக் காட்டி, அதே ஜோக்கை அதே கத்தலோடு இரண்டு தடவை சொன்னால் காது வலிக்குமா, சிரிப்பு வருமா?

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1982-இல் ஏபிசி சேனலில் 'போலீஸ் ஸ்க்வாட்' என்று ஒரு போலீஸ் காமெடித் தொடர். ஆறே எபிசோடு, நிறுத்திவிட்டார்கள். அதற்குச் சேனல்காரர் சொன்ன காரணம்தான் வேடிக்கை. கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் ஜோக் பிடிபடுகிறதாம்! ஜோக்கெல்லாம் திரையின் மூலையில், பின்னணியில் சத்தமில்லாமல் நடக்கும். அதே ஆட்கள் 1988-இல் அதை 'தி நேக்கட் கன்' என்று படமாக எடுத்தார்கள். சக்கைப்போடு போட்டது. எவ்வளவு நேரம் தெரியுமா? 85 நிமிஷம். நம் படத்தில் அந்த நேரத்துக்குள் இடைவேளைகூட வந்திருக்காது.

வெளியூர்க்காரர்கள் எல்லாரும் புத்திசாலிகள் இல்லை. வாயே திறக்காமல் நம் வீட்டுக் குழந்தைகள் வரை சிரிக்க வைத்த மிஸ்டர் பீனை 1997-இல் படமாக்கியபோது அமெரிக்காவுக்கு ஃபிளைட் ஏற்றி, கூட்டத்துக்கு முன்னால் பிரசங்கம் வேறு செய்ய வைத்தார்கள். இந்தியில் 'கிச்சடி' என்று ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிற தொடர். 2023-இல் வந்த அதன் இரண்டாம் படத்தில் அந்தக் குடும்பத்தை, இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து அங்கே அனுப்பினார்கள். கதை இல்லையென்றால் டூர் பேக்கேஜ். உலகம் பூராவும் இதே வைத்தியம்தான் போல.

நம் ஊரில் வழி தெரியாமலும் இல்லை. டிவியில் வந்த 'லொள்ளு சபா'வை யார் மறக்க முடியும்? பெரிய பெரிய படங்களை அரைகுறை செட்டில் வைத்துக் கலாய்த்தார்கள். அந்த ஏழ்மைதான் பாதிச் சிரிப்பு. அதை இயக்கிய ராம்பாலா 2016-இல் சந்தானத்தை வைத்து 'தில்லுக்கு துட்டு' எடுத்தபோது லொள்ளு சபாவை நீட்டவில்லை. பேய்க் கதை ஒன்றைப் புதிதாகப் பிடித்தார். ஆட்கள் பழசு, கதை புதுசு. ஓடியது. அதற்கும் முன்னால் சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா', மேடை நாடகமாக இருந்து 1972-இல் படமானது. மேடையில் ஜனங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எந்த வசனத்துக்குச் சிரிப்பு வரும், எது பல்லிளிக்கும் என்று ஆடி ஆடியே தெரிந்துவிடும். டிவியில் எடிட்டர் ஒட்டின சிரிப்பை நம்பிப் படம் எடுத்தால் இந்தக் கதிதான்.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. பத்து நிமிஷத்தை நிரப்ப ஆள் போதவில்லையென்றால் உடனே ஒரு வட சென்னைக்காரன் வேண்டும். கைலி, கத்தி, காது கிழியும் ஒரு கானா. ஏன்யா, எங்கள் பக்கம் வேறு ஆளே இல்லையா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எங்கள் ஏரியாப் பெண். அவளைப் போல் ஒருத்தி உங்கள் படத்தில் வந்து ஸ்டிரைக்கரை எடுத்ததுண்டா?

காமெடி வேண்டுமென்றால் விடியற்காலையில் காசிமேட்டுக்கு வாருங்கள். "இன்னாம்மா, மீன் கண்ணு செவந்துகீது?" என்று ஒருத்தர் கேட்டார். "நைட்டெல்லாம் உன்ன நெனச்சி அழுதுச்சு நைனா, இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார். மூணு செகண்ட். திருப்பிச் சொல்லவில்லை, 'டொய்ங்' இல்லை, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

உங்கள் படமோ நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும். அப்புறம் காமெடி சேனலில் துண்டு துண்டாக வெட்டி, விளம்பரத்துக்கு நடுவே பத்துப் பத்து நிமிஷமாகப் போடுவார்கள். அப்போது நன்றாகவே இருக்கும், என் மாமியார் மறுபடி சிரிப்பார். இந்த வேலையை முதலிலேயே செய்திருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும்.

இத்தனைக்கும் மேல், ஜனம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது திரையில் எழுத்துப் போடுகிறார்கள்: 'பாகம் 2 விரைவில்'. வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "யோவ், அதுக்கு நீயே போய் வா. எனக்குத் துணி தோய்க்கிற வேலை இருக்குது."