கிழவியும் குடமும் 192 ஃபிரேமும்

மூன்று வாரமாக ஒரு கிழவி என் உயிரை வாங்குகிறாள். அனிமேஷன் படத்துக்காகக் கம்ப்யூட்டரில் நானே உருவாக்கிய கிழவிதான். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு தெருக்குழாயிலிருந்து வீட்டுவாசல் வரை அவள் நடக்க வேண்டும். மொத்தம் எட்டு நொடி. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படம், வீதம் 192 ஃபிரேம். நேற்று இரவு முடித்துவிட்டதாக நினைத்து அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "எண்ணெய் கொட்டிய தரையிலா நடக்கிறாள்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கால் வழுக்கத்தான் செய்கிறது.

"தொடக்கத்தில் ஒரு நிலை, முடிவில் ஒரு நிலை வைத்தால் போதுமே, நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுமே" என்று என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. போட்டுவிடும்! போட்டுத்தான் தொலைக்கிறது. நாம் வைக்கும் அந்த நிலைகளுக்குக் கீஃபிரேம் என்று பெயர். இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே அது தானாக இழுக்கும் அசைவின் வளைகோடு மெல்லப் புறப்பட்டு, நடுவழியில் வேகம் பிடித்து, மெல்ல வந்து நிற்கும். கைக்கும் அதே கோடு, தலைக்கும் அதே கோடு, தரையில் ஊன்றிய பாதத்துக்கும் அதே கோடு. நான் நடையை ஒரே இடத்தில் வைத்துச் செய்து, பிறகு ஆளை முன்னால் நகர்த்துகிறேன். அப்படியென்றால் ஊன்றிய பாதம் சீரான வேகத்தில் பின்னோக்கிப் போனால்தான் தரையில் நின்றதுபோலத் தெரியும். அது மட்டும் கோயில் தேர்போல அசைந்து புறப்பட்டு அசைந்து நின்றால்? உடம்பு ஒரு வேகம், பாதம் ஒரு வேகம். வழுக்காமல் என்ன செய்யும்?

சரி என்று அந்தப் பகுதியை மட்டும் நேர்கோடாக்கினேன். வழுக்கல் நின்றது, முழங்கால் கிளம்பியது. பின்கால் தரையைவிட்டு எழும் இடத்தில், 11ஆவது ஃபிரேமில் முழங்கால் சற்று மடங்கியிருக்கிறது. 12இல் விறைத்து நேராகிறது. 13இல் மறுபடி மடங்குகிறது. ஒரே ஒரு ஃபிரேம்தான். ஆனால் 192 ஃபிரேமில் கண் போய் நிற்பது அங்கேதான். யாரோ சுண்டிவிட்டதுபோல வெடுக்கென்று ஒரு துடிப்பு. இடுப்பைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகும் என்பார்கள். இறக்கினேன். கிழவி இப்போது முக்காலியில் உட்கார்ந்தபடியே நடக்கிறாள்.

கையைப் பற்றிக் கேட்காதீர்கள். 170 டிகிரியில் இருந்த மணிக்கட்டை மைனஸ் 170க்குத் திருப்பினேன். 180ஐத் தாண்டினால் மைனஸ் பக்கம்தான், பார்த்தால் இருபது டிகிரி தூரம். அது பக்கத்து வீட்டுக்குப் போக ஊரையே சுற்றி வருகிறவனைப்போல மறுபக்கமாக 340 டிகிரி சுழன்று வந்தது.

இதற்கெல்லாம் வழி சொல்கிறேன் என்று பாடம் நடத்துகிறவர்கள் மீதுதான் எனக்கு அதிகக் கோபம். பாதம் படுவது, உடல் தாழ்வது, கால் கடப்பது, உடல் எழுவது என்று நான்கு நிலைகளை வைப்பார்கள். ஓர் அடிக்கு 12 ஃபிரேம் என்பார்கள். "இனிக் கொஞ்சம் மெருகேற்றினால் போதும்" என்று சொல்லி வீடியோவை முடித்துவிடுவார்கள். அந்தக் 'கொஞ்சம்'தான் ஐயா என்னுடைய மூன்று வாரம்! தவிர, அவர்கள் நடக்கவைக்கும் ஆள் எப்போதும் வெறுங்கையோடு சமதரையில் போகும் வாலிபன். இடதுகால் அடியைச் செய்து, அதையே கண்ணாடியில் பார்த்ததுபோலப் புரட்டி வலதுகாலுக்கு ஒட்டிவிடலாம். இடுப்பில் குடம் வைத்தவளுக்கு அது நடக்குமா? ஒரு பக்கம் இடுப்பு புடைத்து நிற்கிறது, மறுபக்கம் உடம்பு சாய்கிறது, ஒரு கை குடத்தோடு கட்டுண்டது. இரண்டு அடியும் இரண்டு விதம்.

"அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளைப் படி" என்று வேறு அறிவுரை. படித்திருக்கிறேன். டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்தவை. மெல்லத் தொடங்கி மெல்ல முடி என்பதும் அவற்றில் ஒன்றுதான். ஆனால் கையால் வரைந்த காலத்தில், எந்தப் படத்துக்கும் எந்தப் படத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைத் தாளின் ஓரத்தில் ஓவியரே கோடு கிழித்துக் குறித்துவைப்பார். எங்கே இழைய வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்ற முடிவு அவருடையது. இங்கே மென்பொருள் எல்லாவற்றையும் இழைத்து வழுவழுவென்று கொடுத்துவிடுகிறது. மனிதன் எங்கே வழுவழுவென்று நடக்கிறான்? நொடிக்கு இரண்டு முறை விழப்போய், விழாமல் காலை ஊன்றிக்கொள்கிறான்.

1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்த பிறகுதான், பாயும் குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு எழுவது வயிற்றுக்கடியில் மடங்கும்போது என்று உறுதியானது. அதுவரை ஓவியர்கள் முன்னும் பின்னும் நீட்டித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். தினமும் குதிரையைப் பார்த்தவர்கள் கதியே அது. நானும் தினமும் பார்க்கிற அம்மாவின் நடையில் குதிகால் எப்போது எழுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இன்று காலை அம்மாவிடம் குடத்தைக் கொடுத்து முற்றத்தில் நடக்கச்சொல்லிக் கைபேசியில் படம் பிடித்தேன். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் அவ்வளவும் அதில் இருக்கிறது. குடமிருக்கும் பக்கத்துக் கால் ஊன்றியதும் உடம்பு சட்டென்று இறங்குகிறது. குடம் ஓரிரு ஃபிரேம் தாமதித்துப் பின்னால் இறங்குகிறது. காலியாக இருக்கும் கை துடுப்புபோல விலகுகிறது. எண்ணி எண்ணி எழுதிக்கொண்டு ஒரு மணி நேரம் கீஃபிரேம் வைத்தேன். கிழவி ஆமைபோல நகர்ந்தாள். ஏனென்று பார்த்தால், கைபேசி எடுத்தது நொடிக்கு 30 ஃபிரேம். என் படமோ 24. அம்மாவின் 15 என்னுடைய 12. எழுதிய எண் அத்தனையும் குப்பை.

கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்தான். அதற்கும் பொறுமையில்லாமல் 24இல் வைத்து இன்னொரு முறை எடுத்துவிடலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். குடத்தோடுதான் வந்தார், ஆனால் காலிக்குடம். தண்ணீர் தூக்கினால் முதுகு வலிக்கிறதாம். காலிக்குடத்துக்கு இடுப்பு சாயுமா?