1151 என்று இருந்தால் மட்டும் போதாது

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டால், சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) எல்ஜிஏ 1151 என்று இருக்கும் எந்தப் போர்டையும் வாங்கிப் போடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் சரி என்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. ஐ3-8100 மாதிரி 8, 9ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களுக்கு எச்310, பி360, பி365 போன்ற 300 வரிசை சிப்செட் (போர்டின் மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப்) உள்ள போர்டு வேண்டும். எச்110, பி250 எல்லாம் 6, 7ஆம் தலைமுறைக்கானவை. பிராசஸர் அதில் அழகாக உட்காரும், லீவரும் மூடும், ஃபேன்கூடச் சுற்றலாம், ஆனால் திரையில் ஒன்றும் வராது, ஏனென்றால் 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே சில பின்களின் வேலையை மாற்றிவிட்டார்கள். போர்டு நிறுவனம் தரும் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் போட்டாலும் இது தீராது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வாங்கப்போகும் போர்டின் மேலேயே மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும், அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, சப்போர்ட் பக்கத்தில் உள்ள சிபியு (பிராசஸர்) பட்டியலைத் திறந்து உங்கள் பிராசஸரின் முழு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் போர்டு வேண்டாம்.