ஐந்து வருடக் கணக்கை எங்கிருந்து எண்ணுகிறீர்கள்?

"அஞ்சு வருசம் முடிஞ்சிருச்சி, இனி இந்த ஹோர்மோன் மாத்திரைய நிப்பாட்டுங்க." மாதவிடாய் நின்றவர்களுக்கு வேர்வைக்கும் எலும்புக்குமாகக் கொடுக்கும் ஹோர்மோன் மாத்திரையைப் பற்றிய பேச்சு இது. கிளினிக்கில் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பஸ் ஏறும் அக்காமார் ஹட்டனிலும் இருக்கிறார்கள், பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். ஆசிரியைகள், தாதிமார், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள். அவர்களில் சிலருக்கு அந்த வரி சரியானது. சிலருக்கு முழுக்கத் தவறானது. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் அதையே சொல்லி அனுப்புவதுதான் என் மனக்குறை.

தவறாகப் போகும் இடத்தை முதலில் சொல்கிறேன். 39, 40 வயதில் ஃபைப்ரொயிட் கட்டி என்றோ, ஓயாத இரத்தப்போக்கு என்றோ பெரிய ஒபரேஷன் செய்து, கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்ட பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்தச் சூலகங்கள் இருந்திருந்தால் 50, 51 வயது வரை ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைச் சுரந்துகொண்டு இருந்திருக்கும். இவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை இல்லாமல் போனதை ஈடுசெய்கிறது, அவ்வளவுதான். ஆகவே 40இலிருந்து 51 வரையான பதினொரு வருடமும் அந்த 'அஞ்சு வருச'க் கணக்கில் சேரவே சேராது. 45 வயதில் "போதும்" என்று நிறுத்தினால், அந்தப் பெண்ணின் எலும்பும் இதயமும் ஆறு வருடம் முன்னதாகவே முதுமைக்குள் தள்ளப்படுகின்றன. 40 வயதுக்கு முன் தானாகவே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும் இதே கணக்குத்தான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் நிலை வேறு. அதை அவர்களைப் பார்க்கும் புற்றுநோய் நிபுணரோடுதான் பேச வேண்டும்.

ஒபரேஷனில் என்ன எடுத்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. "கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் பிறப்புச் சான்றிதழோடு சுருட்டி வைத்திருக்கும் டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். 'டீ.ஏ.எச்.' என்று மட்டும் எழுதியிருந்தால் கர்ப்பப்பை மட்டும் போயிருக்கிறது. பக்கத்தில் 'பீ.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு சூலகங்களும் குழாய்களும் சேர்ந்து போய்விட்டன. 'சப்டோட்டல்' என்ற சொல் இருந்தால் கர்ப்பப்பையின் கழுத்தை விட்டுவைத்திருக்கிறார்கள், அங்கே உள்சுவர் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இந்த மூன்று குறிப்புகளை வைத்தே மாத்திரையின் வகையும் காலமும் மாறுகின்றன. மீளாய்வுக்குப் போகிறவர் கையில் அந்தக் கார்டு இல்லாவிட்டால், டொக்டரும் ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள், 50 முதல் 79 வயதுக்காரர்கள், சராசரி வயது 63. குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரஜன் 0.625 மில்லிகிராமும், கர்ப்பப்பையின் உள்சுவரைக் காக்கும் புரொஜெஸ்டஜன் வகை மருந்தான மெட்ரொக்ஸிபுரொஜெஸ்டரோன் 2.5 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஒரு வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹோர்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. பாரிசவாதமும் 8 பேருக்குக் கூடியது. இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. அந்த எட்டுப் பேர் சின்ன விஷயமில்லை. ஆனால் அது 63 வயதுப் பெண்களின், ஒரு குறிப்பிட்ட மாத்திரையின் கணக்கு. கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஈஸ்ட்ரஜனை மட்டும் எடுத்த அடுத்த பிரிவில் பாரிசவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 40 வயதில் சூலகம் இழந்தவருக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போடுவது நியாயமே இல்லை.

அதற்காகப் பயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 2019இல் உலகம் முழுவதிலுமுள்ள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வருடங்கள் கூடக் கூட ஆபத்தும் கூடுவது தெளிவாகத் தெரிந்தது. 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுத்தவர்களை 69 வயது வரை கணக்கிட்டார்கள். ஹோர்மோனே எடுக்காத 100 பேரில் மார்பகப் புற்றுநோய் 6.3. ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டஜனும் தினமும் எடுத்தவர்களில் 8.3. ஈஸ்ட்ரஜன் மட்டும் என்றால் 6.8. பத்து வருடம் எடுத்தால் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இது மேற்கு நாட்டுப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் நாட்டில் அடிப்படை எண்ணிக்கை அதைவிடக் குறைவு, என்றாலும் கூடும் திசை ஒன்றுதான். அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறையாவது மீளாய்வு வேண்டும் என்கிறேன். தவறவே விடக்கூடாத நாள் அது.

ஆனால் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், விடிய நாலு மணிக்கு எழும்பி நம்பர் எடுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "போனா மாத்திரைய வெட்டிருவாங்க" என்ற பயம். அதனால் பழைய துண்டைக் காட்டி டவுன் பார்மசியில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். அப்படியே போனாலும், நடுவில் இரத்தம் பட்டதைச் சொல்வதில்லை, ஒரு கால் வீங்கியதைச் சொல்வதில்லை. அக்கா, தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். கர்ப்பப்பை உள்ளவருக்கு, ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டஜனும் சேர்ந்த தினசரி இரட்டை மாத்திரை தொடங்கி முதல் ஆறு மாதத்துக்குள் கொஞ்சம் படுவது வழக்கம். அதன் பிறகும் பட்டால், அல்லது நின்று கிடந்து புதிதாகப் பட்டால், உள்வழி ஸ்கேன் செய்து உள்சுவரின் தடிப்பைப் பார்க்க வேண்டும். தினசரி இரட்டை மாத்திரை எடுப்பவருக்கு 4 மில்லிமீற்றருக்கு மேல் போனால் மேலதிகப் பரிசோதனை தேவை.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு இரண்டு மருந்து எழுதுகிறார்கள்: ஈஸ்ட்ரஜன் ஒன்று, இரவில் போடும் புரொஜெஸ்டரோன் ஒன்று. தினமும் என்றால் வழக்கமாக 100 மில்லிகிராம், மாதத்தில் 12 நாள் என்றால் 200. இரண்டாவது மாத்திரை விலை கூட, தலை சுற்றுகிறது, தூக்கம் அமுக்குகிறது. "மத்ததுதானே வேர்வைய நிப்பாட்டுது" என்று இதை விட்டுவிடுகிறார்கள். புரொஜெஸ்டரோன் இல்லாமல் ஈஸ்ட்ரஜன் மட்டும் போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், வருடங்களில் அது புற்றுநோயாகவும் மாறலாம். பார்மசியில் ஒன்று இல்லை என்றால் மற்றதை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டொக்டரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

மீளாய்வில் டொக்டர் பார்க்க வேண்டியது என்ன? பிரெஷர், நிறை, மார்பகப் பரிசோதனை. அம்மா, அக்கா தங்கை யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ காலில் இரத்தக்கட்டியோ வந்ததா என்ற கேள்வி. வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிடோயின் எடுக்கிறீர்களா என்ற கேள்வி, ஏனென்றால் அவை விழுங்கும் ஹோர்மோனின் வேலையைக் குறைத்துவிடும். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுப்பவர்கள் கட்டாயம் வாய் திறந்து சொல்லுங்கள். ஈஸ்ட்ரஜன் மாத்திரை தொடங்கினால் தைரொக்சின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம், நிறுத்தினால் குறைக்க வேண்டி வரலாம். மாற்றம் செய்து 6 முதல் 12 கிழமைக்குள் டீ.எஸ்.எச். என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பது நல்லது. நிறுத்திய பிறகு பழைய அளவையே விழுங்கிக்கொண்டு, நெஞ்சு படபடப்புக்கும் வேர்வைக்கும் ஹோர்மோனைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள். இன்னொன்று, ஹோர்மோன் எடுத்துக்கொண்டிருக்கும்போது எஃப்.எஸ்.எச். போன்ற ஹோர்மோன் இரத்தப் பரிசோதனையை வெளி லெப்பில் காசு கட்டிச் செய்வதில் பயனில்லை. அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

60 தாண்டியவர்களுக்கு என் கருத்து இது: கேள்வி 'நிறுத்துவதா தொடர்வதா' என்பதோடு நின்றுவிடக் கூடாது. 'எந்த வழியில், எவ்வளவு' என்றும் கேட்க வேண்டும். விழுங்கும் ஈஸ்ட்ரஜன் ஈரலுக்குள் புகுந்து போவதால் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோலில் பூசும் ஜெல்லும் ஒட்டும் பெட்சும் வழக்கமான அளவில் அதைக் கூட்டுவதில்லை. பருமனானவருக்கும் பிரெஷர் உள்ளவருக்கும் இந்த வித்தியாசம் பெரியது. பெட்ச் கிடைத்தால் இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தின் மேற்புறத்தில் ஒட்டி, கிழமைக்கு இரண்டு முறை இடம் மாற்ற வேண்டும். மார்பில் ஒட்டவே கூடாது. படங்கு கட்டும் கயிறு உரசும் இடத்தில் ஒட்டினால் மழையிலும் வேர்வையிலும் மத்தியானத்துக்குள் உரிந்துவிடும். இந்த வடிவங்கள் நம் சின்ன டவுன்களில் எப்போதும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. கிடைக்காவிட்டால் மாத்திரையின் அளவைக் குறைக்கலாம்: 2 மில்லிகிராமிலிருந்து 1, முடிந்தால் அரை.

நிறுத்தத்தான் வேண்டும் என்று முடிவானால், இன்றோடு நிறுத்துவதா படிப்படியாகவா என்று கேளுங்கள். நீண்ட காலத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு படி குறைத்தால் அந்த முதல் மாதங்கள் கொஞ்சம் லேசாகும். நுவரெலியா ஜனவரிக் குளிரில், இரண்டு கம்பளிக்குள் உடம்பு முழுக்க வேர்த்து நனைந்து, அடுத்த நிமிடமே நடுங்கி எழும்பும் இரவுகள் திரும்பி வரலாம். அதைக் காய்ச்சல் என்று பெனடோல் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஆனால் நிறையும் குறைந்து இருமலும் இருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஹோர்மோன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நிறுத்தியவுடன் எலும்புக்கான காவலும் போய்விடுகிறது. மழையில் பாசி பிடித்த லயத்துப் படியும் கான் ஓரமும் நமக்குத் தெரியாததா? எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். கிழமைக்கு ஒரு முறை எலண்ட்ரொனேட் 70 மில்லிகிராம் தந்தால், வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் குடிக்கும் தேத்தண்ணியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது. கல்சியத்தையும் தைரொக்சினையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இடையில் 4 மணித்தியாலம் விடுங்கள்.

யோனிக்குள் பூசும் எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரஜன் கிறீமைப் பயந்து நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். வறட்சிக்கும் எரிச்சலுக்கும், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் முதல் இரண்டு கிழமை தினமும் இரவில், பிறகு கிழமைக்கு இரண்டு முறை பூசுவது அது. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, புரொஜெஸ்டரோன் தேவையில்லை, ஐந்து வருடக் கணக்கும் அதற்கு இல்லை.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மாத்திரை அறுந்துபோனவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 60 தாண்டி, வருடக்கணக்கில் விட்டுவிட்டு, பழைய துண்டை வைத்து மீண்டும் தொடங்குவதைத் தொடர்ச்சி என்று எண்ணிவிட முடியாது. அது புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். டொக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், வாய் கோணல், கை விழுதல் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதி வையுங்கள்: எந்த வயதில் மாதவிடாய் நின்றது, ஒபரேஷனில் எது போனது, இப்போது எடுக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும், கடைசியாக இரத்தம் பட்ட திகதி. எழுத வராவிட்டால் பிள்ளையிடமோ மிட்வைஃப் மிஸ்ஸிடமோ கொடுத்து எழுதுவியுங்கள். முன்னால் இருக்கும் டொக்டருக்குத் தமிழ் வராது என்றால், 40 வயதில் இரண்டு சூலகமும் போன அக்கா உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய சிங்கள வரி இதுதான்: "ஓவரி தெகம அயின் களா, வயச ஹதளிஹேதி."