ஆபிரகாமின் வயதைக் கணக்குப் பாருங்கள்

"கீழ்ப்படிகிறவனைத்தான் தேவன் நீதிமானாக்குகிறார்" என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் செலுத்தினபோது ஆபிரகாம் கிரியைகளினாலே நீதிமானாக்கப்பட்டார் என்கிற யாக்கோபு 2:21-ஐ மட்டும் வைத்து முடித்துவிட்டார். விசுவாசம் முதலில், கீழ்ப்படிதல் பிறகு என்கிற வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆதியாகமத்தில் வயதைப் பாருங்கள். ஆரானை விட்டுப் புறப்படும்போது ஆபிரகாமுக்கு 75. இஸ்மவேல் பிறக்கும்போது 86. விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது (15:6) இந்த இரண்டுக்கும் நடுவில். விருத்தசேதனம் 99-ல்தான். குறைந்தது 13 வருஷ இடைவெளி! ரோமர் 4:10-ல் பவுல் "எப்போது?", விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா என்று கேட்பது இதைத்தான். யாக்கோபு சொல்லும் ஈசாக்கின் பலி அதற்கும் பிறகு, 22-ஆம் அதிகாரத்தில். நீதியாக எண்ணப்பட்ட அந்த விசுவாசம் மெய்தான் என்று அங்கே வெளிப்படுகிறது. கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது, 15:6-இன் வாக்கியம் நிறைவேறிற்று என்கிற அடுத்தடுத்த வசனங்களையும் (யாக்கோபு 2:22, 23) சேர்த்து வாசித்தால் பவுலோடு சண்டையே இல்லை.

75-லேயே கீழ்ப்படிந்தாரே என்பீர்கள். அதையும் "விசுவாசத்தினாலே" என்றுதான் எபிரெயர் 11:8 சொல்கிறது.

நம்ம வேலூர்க்காரர்களுக்கு இது புதுசாக இருக்கக் கூடாது. 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்களின் அமெரிக்க சீர்திருத்தச் சபைக்கு 1563-ஆம் வருஷத்து ஹைடல்பெர்க் வினாவிடை (கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல்) அடிப்படை அறிக்கைகளில் ஒன்று. அதில் மூன்று பாகம்: மனிதனின் நிலை, மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைக்கான விளக்கம் மூன்றாம் பாகத்தில், நன்றியின் கீழ் வருகிறது. "கிரியை நீதிமானாக்காது என்றால் ஜனங்கள் அலட்சியமாகிவிட மாட்டார்களா?" என்பதற்கும் 64-ஆம் கேள்வியிலேயே பதில் உண்டு: கிறிஸ்துவோடு ஒட்டவைக்கப்பட்டவர்கள் நன்றியின் கனி கொடுக்காமல் இருக்க முடியாது.

ஞானஸ்நான வகுப்பில் கட்டளைகளை முதலில் மனப்பாடம் செய்யவைத்து, கிருபையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.